மஞ்சள் சுவரோரம் நடக்கிறவன்

சாரம், புதுச்சேரி
9 ஜூன் 2025, திங்கள்

அன்புள்ள சந்திராவுக்கு,

என் நம்பரை உன் போனில் அழைப்பு வராதபடி அடைத்து வைத்துவிட்டாய். அதனால் இதை எழுதி, நம் தெருவுக்குக் கருவாடு விற்க வரும் உன் அண்ணி வீராயியின் கூடையில் போட்டு அனுப்புகிறேன். வாடை அடித்தால் என்னைத் திட்டாதே, கூடையைத் திட்டு.

நம் அபி நடந்த படம் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அவன் போய்ப் பதினைந்து மாதம் கழித்து. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் மதியம் லேத்தை நிறுத்தினேன், கால் தானாகத் தியேட்டர் பக்கம் போய்விட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் மேட்னி பார்த்தேன்.

படம் குப்பை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளை ஆறு நொடி வருகிறான் என்பதற்காகக் குப்பையை நல்ல படம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நம்மூரில் நான்கு மஞ்சள் சுவர்கள் இருக்கின்றன, வருஷத்துக்கு நாற்பது கதாநாயகிகள் அவற்றில் சாய்கிறார்கள். ஒருவன் அதைப் பாரீஸ் என்கிறான், ஒருவன் கோவா என்கிறான், புதுச்சேரியைப் புதுச்சேரி என்று காட்ட ஒருவனுக்கும் மனசு வரவில்லை. இரண்டு நொடிக்கு ஒரு வெட்டு. ஒரு முகத்தை நின்று பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள். பழைய படங்களில் கேமராவை நகர்த்தவே பத்துப் பேர் வேண்டும். அதனால் அது ஒரே இடத்தில் நிற்கும், அது நின்றதால் பின்னால் போகிறவர்களையும் நாம் பார்த்தோம். குடத்தோடு போகிறவள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவன், சந்தையில் வெங்காயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிற கிழவர். எனக்கு எப்போதும் அவர்கள்தான் படம். கதாநாயகன் பொய் சொல்வான். பின்னால் நடக்கிறவன், கேமராவைத் திரும்பிப் பார்த்துத் தொலைக்காத வரைக்கும், பொய் சொல்ல மாட்டான். உனக்கு இது கேட்டுச் சலித்த பேச்சு என்று தெரியும்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் கதாநாயகி சுவரில் சாய்ந்து அழுகிறாள். அவளுக்குப் பின்னால், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அபி கடலைப் பார்த்து நடந்து போகிறான். கோடு போட்ட சட்டை, கையில் ரொட்டிப் பை. வலது கால் கொஞ்சம் வெளியே விழும் அதே நடை. விபத்துக்கு முன்னால் எடுத்த முதல் டேக்கைத்தான் படத்தில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது சொல்வதை நிதானமாகப் படி. வெள்ளிக்கிழமை அந்த ஆறு நொடி முடியும்போது அவன் சுவரில் முதல் ஜன்னலைத் தாண்டியிருந்தான். சனிக்கிழமை இரண்டாவது ஜன்னல். நேற்று இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். மொத்தம் ஐந்து ஜன்னல்கள், அப்புறம் தெருமுனை, அதற்கப்புறம் கடற்கரைச் சாலை. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். படம் ஓட்டும் வினோத்குமாரிடம் போய்க் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அது ஃபைல் சார். முந்தாநாளு ஓடுனதும் நேத்து ஓடுனதும் ஒண்ணுதான். அதுக்குள்ள யாரும் கூடக் குறைய நடக்க முடியாது" என்றான்.

ஆனால் அவன் நடக்கிறான், சந்திரா. முனைக்குப் போய்ச் சேருவதற்குள் நீ ஒரு தடவை வந்து பார்த்துவிடு. எனக்குத் தனியாக உட்கார்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

தெய்வநாயகம்


வீராம்பட்டினம்
10.6.2025

அபி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணி கருவாட்டோடு அதையும் வெயிலில் உலர்த்திவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள்.

நான் வர மாட்டேன்.

சினிமா என்றால் உங்களுக்கு ஒரு பக்கம் நிற்காமல் ஓடும். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க ஒரு வரி இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பாவாடை அண்ணன் வீட்டில் இருக்கிறார். கரை முழுக்கப் படகுகள் ஏறிக் கிடக்கின்றன, ஆம்பளைகள் வலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் கருவாடு காயப்போடுகிறேன், சாயங்காலம் அள்ளுகிறேன். யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை, அதனால்தான் இங்கே இருக்கிறேன்.

அபியின் பதினாறாம் நாள் காரியத்தன்று அவன் கூட்டாளி மதிவாணன் நம் கூடத்தில் நின்று அழுதுகொண்டே சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கேமரா கட்டிய ஜீப் பிரேக் பிடிக்காமல் அவனுக்குப் பின்னால் வந்தபோது அங்கே இருந்த அத்தனை பேரும் கத்தியிருக்கிறார்கள். அவன் கழுத்தைத் திருப்பவில்லை. அன்று காலையில் மதிவாணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "எங்கப்பா சொல்லி அனுப்பிச்சிருக்காருடா, யார் கத்துனாலும் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு. பாத்தா அவரு மானமே போயிடுமாம்."

முப்பது வருஷமாக, திரையில் திரும்பிப் பார்த்தவர்களைத் திட்டித் திட்டி, கடைசியில் சொந்தப் பிள்ளையைத் திரும்ப முடியாதவனாக ஆக்கிவிட்டீர்கள். அவனும் உங்களைப் போலப் படப் பைத்தியம். நான் சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பான். நீங்கள் சொன்னதால் கேட்டான்.

ஜன்னல் எண்ணுவதை விடுங்கள். சட்டை தோளில் தொங்குகிறது என்று அண்ணி சொன்னாள். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இருக்கிறாராம். அண்ணனைத் துணைக்கு அனுப்புகிறேன், போய் வாருங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

சந்திரகலா


சாரம்
12 ஜூன் 2025

சந்திரா,

நீ எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. மானம் போய்விடும் என்று சொன்னது உண்மைதான். சட்டையில் பித்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னேன். அவனுக்கு முதல் தடவை கூட்டத்தில் நடக்க வாய்ப்பு வந்திருக்கிறது, நன்றாக நடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இருபத்திரண்டு வயசுப் பையன், பாதி கேலிக்குத்தான் கேட்டுக்கொள்கிறான் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், சண்டை வேண்டாம். ஆனால் அதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்.

நேற்று டிவியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். நான் பிறப்பதற்கு முன்னால் எடுத்தது. செட்டுப் போட்ட தெருவில், அட்டை நிலா வெளிச்சத்தில், ஒரு டூயட். அட்டை நிலாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். அட்டையாக இருந்தாலும் அதை ஒருவன் கையால் வெட்டி, ஏணி போட்டு ஏறி மாட்டியிருக்கிறான். அந்தப் பாட்டை நான் இருநூறு தடவையாவது பார்த்திருப்பேன். கதாநாயகி எந்த அடியில் மூச்சு வாங்குவாள் என்பதுகூட எனக்குத் தெரியும். தெருவில் அவர்கள் இரண்டு பேரையும் தவிர யாரும் கிடையாது.

நேற்று மூன்றாவது சரணத்தில் பின்னால் ஒருவன் நடந்து போனான். முதுகுதான் தெரிந்தது. கோடு போட்ட சட்டை. வலது கால் வெளியே விழுந்தது.

டிவியை அணைத்துவிட்டு, போனில் இந்த வருஷம் வந்த ராஜா காலத்துப் போர்ப்படம் ஒன்றைப் போட்டேன். இந்த மாதிரிப் படங்களைப் பற்றி என் கருத்து உனக்குத் தெரியும். பத்து ஆட்களைக் கம்ப்யூட்டரில் பத்தாயிரமாகப் பெருக்கி அதற்குச் சேனை என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒருவனுக்காவது வியர்த்திருக்கிறதா என்று பார், வியர்த்திருக்காது. அந்தப் பத்தாயிரம் பேரும் வாளை ஓங்கிக்கொண்டு நம்மைப் பார்த்து ஓடிவருகிறார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் ஒருவன் மட்டும் அந்தப் பக்கமாக நடந்து போகிறான், கையில் ரொட்டிப் பையோடு. யாரும் அவனை இடிக்கவில்லை.

இன்று மேட்னியில் நான்காவது ஜன்னலை நெருங்கிவிட்டான். "அபி, திரும்புடா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எனக்குத் தெரிகிறது. எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை, சந்திரா. தியேட்டரில் பேசினார்கள் என்று எத்தனை பேரிடம் சண்டைக்குப் போனவன் நான். பின் வரிசையில் ஒருவர், "உக்காருங்க, மறைக்குது" என்றார். உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் ஆறு நொடியும் முடிந்துவிட்டது.

தெய்வநாயகம்


வீராம்பட்டினம்
14.6.2025

அபி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்றே பதில் எழுதவில்லை. எழுதினால் இதை எழுத வேண்டி வரும் என்று தெரியும்.

அன்றைக்கு ஜீப் மோதிய பிறகுதான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று உங்களிடமும் போலீசிடமும் சொன்னேன். அது பொய். அரை மணி நேரம் முன்பே போய்விட்டேன். அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தெருவில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். காதில் ஏதோ மாட்டியிருந்த ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, "சத்தம் வரக் கூடாதும்மா. நீங்க இருமுனாக்கூட டேக் போயிடும்" என்றாள்.

எல்லோரும் கதாநாயகியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜீப் சுவரோரமாக ஒதுங்கியதை முதலில் பார்த்தது நான்தான். அபி என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. டேக் கெட்டுவிடும், பிள்ளைக்குக் கெட்ட பேர் வந்துவிடும், இனிமேல் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கத்தினார்கள். ஊரார் கத்தியதற்கு அவன் திரும்பவில்லை. பெற்றவள் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான்.

மதிவாணன் வந்து உங்கள் பேரைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டை விட்டு வந்தேன். பதினைந்து மாதமாக உங்களைத் தனியாக விட்டதற்கு அதுதான் காரணம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்னைப் படத்துக்குக் கூப்பிடாதீர்கள். நான் கடைசியாகப் பார்த்தது அந்த முதுகைத்தான். இன்னொரு தடவை பார்க்க மாட்டேன். நீங்கள் பயத்தில் உளறவில்லை, உள்ளதைத்தான் எழுதுகிறீர்கள் என்று மட்டும் எனக்குத் தெரிகிறது. அவன் ரொட்டிப் பையோடு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் நடந்த படத்தில் அது இருக்கிறது, அங்கே பார்த்தீர்கள், சரி. ஆனால் போர்ப்படத்தில் யார் அதை அவன் கையில் கொடுத்தார்கள்?

சந்திரகலா


சாரம்
16 ஜூன் 2025

என் சந்திராவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன், நான் மறைத்துப் பேசுகிறவன் இல்லை. உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது.

கல்யாணமான புதிதில் ஒரு படத்துக்குப் போனோம். நீ என் தோளைத் தொட்டு, "அவ ஏன் அழுவுறா?" என்று கேட்டாய். படம் ஓடும்போது பேசாதே என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு நீயே கேட்பாய் என்று பார்த்தேன், கேட்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ படங்களுக்கு நாம் போயிருக்கிறோம், நீ ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்ல ரசிகை என்று உன்னைப் பட்டறையில் பெருமையாகச் சொல்வேன். அன்றைக்குக் கயிற்றோரம் உன் வாயை அடைத்ததிலும் எனக்குப் பங்கு இருக்கிறது. காதில் ஏதோ மாட்டியிருந்த அந்தப் பெண் புதிதாக எதையும் சொல்லவில்லை, நான் முன்பே சொல்லி வைத்ததைத்தான் சொன்னாள்.

இத்தனை வருஷம் படம் பார்த்து என்ன கற்றேன் என்று நேற்று யோசித்தேன். எந்தப் படம் நல்ல படம், எது மட்டம் என்று இரண்டு மணி நேரம் பேசுவேன். பின்னால் நடக்கிறவன் வீட்டில் யாருடைய பிள்ளை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. திரும்பிப் பார்த்துவிட்டான் என்று நான் திட்டிய ஒவ்வொருவனையும் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கலாம்.

ஐந்தாவது ஜன்னலுக்கு வந்துவிட்டான். பட்டறையில் அவசர வேலை ஒன்று தலையில் வந்து விழுந்திருக்கிறது, செவ்வாயும் புதனும் போக முடியாது. வியாழக்கிழமையோடு படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு மேட்னியில் எழுந்து நின்று கத்தப்போகிறேன். யார் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன். அடித்து வெளியே தள்ளினாலும் சரி.

தெய்வநாயகம்


சாரம்
19 ஜூன் 2025, வியாழன் மாலை

சந்திரா,

தெரு காலியாக இருந்தது.

மேட்னிக்கு ஒன்பது பேர். இடைவேளை முடிந்ததுமே எழுந்து நின்றுகொண்டேன். கதாநாயகி சுவரில் சாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஐந்து ஜன்னல்கள், வெயில், தெருமுனை. அவன் இல்லை. நான் கத்தினேன். "அபி, திரும்புடா. அப்பா சொல்றேன், திரும்பிப் பாருடா" என்று வெறுந்தெருவைப் பார்த்துக் கத்தினேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. வினோத்குமார் மேலேயிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய பாட்டைப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் இரண்டு பேரும் அட்டை நிலாவும்தான் இருந்தார்கள். போர்ப்படத்தில் பத்தாயிரம் பேரும் இந்தப் பக்கம்தான் ஓடிவருகிறார்கள். என்னிடம் இருக்கிற எல்லாப் படங்களையும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், புதுசு பழசு என்று பார்க்காமல். எதிலும் யாரும் அந்தப் பக்கமாக நடக்கவில்லை.

ஒரு லேத் வேலைக்காக இரண்டு நாள் தவறவிட்டேன். முனைக்குப் போய் அவன் இடது பக்கம் போனானா, வலது பக்கம் போனானா என்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டாவது தடவையும் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டேன், சந்திரா. இனிமேல் படம் பார்க்க மாட்டேன். எதைப் பார்ப்பது என்றும் தெரியவில்லை.

தெய்வநாயகம்


வீராம்பட்டினம்
21.6.2025

அபி அப்பாவுக்கு,

வலது பக்கம் போயிருக்கிறான்.

தடைக்காலம் முடிந்து ஆம்பளைகள் எல்லோரும் கடலுக்குப் போய்விட்டார்கள். அண்ணனும் போய்விட்டார். கரையில் படகு ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். வடக்கே இருந்து மணலில் ஒருவன் நடந்து வந்தான். வந்தான் என்று எழுதுகிறேன், ஆனால் எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே கிட்டே வந்தான். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் வீட்டுக்கு நேராக வந்து நின்றுவிட்டான். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தைத் தாண்டித்தானே இங்கே வர முடியும், பேண்ட் இடுப்புவரைக்கும் நனைந்திருக்கிறது. இன்று மூன்றாவது நாள், இன்னும் சொட்டுகிறது. கையில் இருக்கும் பை மட்டும் நனையவில்லை. அண்ணியிடம் காட்டினேன், வெறும் மணல்தான் இருக்கிறது என்கிறாள். ஆனால் தெரு நாய்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. நான் எழுந்து முன்பக்கம் போய் அவன் முகத்தைப் பார்க்க நின்றேன். அங்கேயும் முதுகுதான் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் முதுகுதான் இருக்கிறது.

கூப்பிட்டேன். பதினைந்து மாதம் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துக் கூப்பிட்டேன். "அபி, அம்மாடா. இந்தப் பக்கம் பாருடா" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டேன். அவனுக்குக் கேட்கிறது. தோள் அசைகிறது, கழுத்து நரம்பு இழுக்கிறது. திரும்ப வேண்டும் என்று அவனுக்கும் இருக்கிறது. ஆனால் திரும்ப மாட்டேன் என்கிறான். அன்றைக்கு நான் கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டான் என்று இப்போது தெரிந்துவிட்டது.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. என் கோபமெல்லாம் போய்விட்டது. நீங்கள் சொன்ன சொல்லைத்தான் அவன் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். அந்தச் சொல்லை நீங்கள் நேரில் வந்துதான் திரும்ப எடுக்க வேண்டும், போனில் சொன்னால் ஆகாது. தியேட்டரில் நீங்கள் கத்தியபோது அவன் இங்கே வந்துவிட்டான், அது அவன் காதில் விழவில்லை.

இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியதும் அண்ணியோடு அப்படியே பஸ் ஏறுங்கள். சட்டைகூட மாற்ற வேண்டாம். கரையில் அவன் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறானா என்று நின்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மணலில் கால் வைத்ததுமே கத்துங்கள்.

சந்திரா